விடுமுறை முடிந்து பள்ளி வேனை எடுக்கும் முன்

பள்ளி வாகனத்துக்கு ஓடுவதைவிட நின்றுகிடப்பதுதான் பெரிய சோதனை. ஒரு மாதம் சும்மா நின்ற வண்டியில் சாவியைத் திருப்பினால் பேட்டரி பல நேரம் கைவிட்டுவிடும். விடுமுறைக்கு நிறுத்தும்போதே நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள்.

அப்புறம் டயர். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பள்ளி வண்டி குறைந்த தூரமே ஓடுவதால் பட்டன், அதாவது டயரில் தரையைத் தொடும் வரிக்கட்டைகள், அவ்வளவாகத் தேயாது. ஆனால் ரப்பருக்கு வயதாகி வெடிப்பு விட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைக் காட்டும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரை, பட்டன் புதிதாகத் தெரிந்தாலும், நான் முன் சக்கரத்தில் விடமாட்டேன்.

ஏர் பிரேக் வண்டியென்றால் காற்றுத் தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுங்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அவசர வழிக் கதவை உள்ளிருந்து ஒருமுறை திறந்தே ஆக வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் சின்னக் கைகளால் அதை அசைக்கவே முடியாது. பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் வெறும் வண்டியை மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள்.