கொல்லிமலையை இரண்டாவது கியரில் இறங்குவது எப்படி

கொல்லிமலை ஏறுவதற்கு ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். இறங்குவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே இருக்கும் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது என்ஜின் கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். வண்டியின் லட்சணமும் ஓட்டுகிறவரின் லட்சணமும் இறங்கும்போதுதான் வெளியே வரும்.

என்னுடையது 2006 மாடல் ஸ்விஃப்ட். 1.3 லிட்டர் பெட்ரோல், 87 பிஎச்பி. பழைய வண்டியாக வாங்கிய முதல் மாதமே நண்பர்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மேலே போனேன். திரும்பும்போது 41 என்று எழுதிய பலகையைத் தாண்டியதும் ஏதோ தீய்ந்த வாடை. அடுத்த வளைவில் பிரேக் பெடல் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. கார் நின்றது. ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

ஊருக்கு வந்து, நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டிய மாமாவிடம் சொன்னேன். "ஏறுன கியர்லயே எறங்கணும் மாப்ளே, இதுகூடவா தெரியாது?" என்று சிரித்தார். காருக்கு அது அப்படியே பொருந்தாவிட்டாலும் முக்கால்வாசி சரி.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். நாலு பேர் உட்கார்ந்த ஸ்விஃப்ட் சுமார் 1,250 கிலோ. அது ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால் வெளியேறும் ஆற்றல், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அந்தச் சூடு முழுவதையும் முன்சக்கரத்து இரண்டு பிரேக் டிஸ்க்கின் தலையில் கட்டினால் அவை என்ன செய்யும்? பாதியையாவது என்ஜினிடம் கொடுக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் பிரேக் ஆயிலைப் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அமுக்கலாம், அதனால்தான் பெடல் சேறாகிறது. என் வண்டியில் இருந்தது டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினாரோ! இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், செலவு பெரிதில்லை. அப்புறம், டிரைவர் காலடியில் தண்ணீர் பாட்டில் உருளக் கூடாது. மேட் நகரக் கூடாது.

சோளக்காட்டிலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாக ஒரு மிதி, பிறகு முழுசாக விடுங்கள். பெடல் மேல் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் டிஸ்க்கை எரிக்கிறது. விட்டால்தான் அதற்குக் காற்று படும். பிரேக் வேலையெல்லாம் வளைவுக்கு முன்னால், நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பியபடி மிதித்தால் முன் டயர் இரண்டு வேலையையும் அரைகுறையாகத்தான் செய்யும்.

கொஞ்சம் நேர்ச்சாலை கிடைத்து மூன்றாவதுக்குப் போயிருந்தால், திரும்ப இரண்டாவதுக்கு வருவதில்தான் சுவாரசியம். என் காரில் மூன்றாவதில் 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஆர்பிஎம் முள் சுமார் 1,800. அதே வேகம் இரண்டாவதில் 2,700ஐ ஒட்டி வரும். சும்மா கிளட்சை விட்டால் அந்த 900 வித்தியாசத்தைச் சக்கரம் இழுத்து நிரப்ப வேண்டும். வண்டி ஒரு குலுங்கு குலுங்கும். அதனால் கிளட்சை மிதித்து, கியரை மாற்றும்போதே ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு. முள் ஏறும். அது விழுவதற்குள் கிளட்சை விடுங்கள். சரியாக அமைந்தால் பின்சீட்டில் தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். எனக்குக் கைவர நாலு மாசம் ஆனது. முதலில் சமவெளியில் காலியான சாலையில் பழகுங்கள், மலையில் ஆரம்பிக்காதீர்கள்.

நிசான் 370இசட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் 2009லேயே இந்த ஆக்ஸிலேட்டர் தட்டைத் தானாகப் போடும் மேனுவல் கியர்பாக்ஸோடு வந்தது. அருமையான தொழில்நுட்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாயசத்தை வேறொருவர் குடித்துவிட்டு ருசி சொல்கிற மாதிரி இருக்கும் எனக்கு. அதன் 300க்கு மேற்பட்ட பிஎச்பிக்கு இந்தச் சாலையில் வேலையும் இல்லை. நான் ஏங்குவது 1989 மாடல் மஸ்தா எம்எக்ஸ்-5 மாதிரி எடை குறைந்த, பின்சக்கரம் தள்ளும் சின்ன வண்டிக்கு. அது இங்கே விற்பனைக்கு வரவே இல்லை, என்ன செய்ய.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடியே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு பெட்ரோல் குடிக்கும். என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம்: ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் 'டி'யில் விட்டுவிட்டு உட்காராதீர்கள். மேனுவல் மோட், அல்லது 'எல்' என்ற தாழ்ந்த கியர். மின்சாரக் கார் என்றால் மேலே நூறு சதவீதம் சார்ஜ் போடாதீர்கள். இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து பேட்டரியை நிரப்பும், அதுதான் ரீஜென். பேட்டரி நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை, சுமை முழுக்கப் பிரேக்கின் மேல் விழும்.

குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்கூட.

வாடை வந்துவிட்டால் பதறாமல் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டுங்கள். ரிவர்ஸ் கியரில் போட்டு என்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டாம். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். அரை மணி நேரம் குரங்குகளை வேடிக்கை பாருங்கள். பெடல் பழையபடி கெட்டியாகாவிட்டால் இறங்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒழுங்காக இறங்கினோமா என்று தெரிய காரவள்ளியில் ஒரு பரிசோதனை உண்டு. வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். தொட்டுவிடாதீர்கள். இட்லிக் குண்டான் மூடியைத் திறந்த மாதிரி அனல் அடித்தால் காலைத் தேய்த்திருக்கிறீர்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, சேந்தமங்கலத்தில் போய் டீ குடிக்கலாம்.