ரிலே குமிழைத் திருப்புவதற்கு முன்

எங்கள் கிணற்று மோட்டார் 10 எச்பி, மூன்று ஃபேஸ், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு முழு ஓட்டத்துக்கு மாற்றுவது). இரண்டு தடவை காயில் கருகி, ரீவைண்டிங்குக்குப் பணம் அழுத பிறகுதான் ஓவர்லோட் ரிலேயை (மோட்டார் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்தால் நிறுத்தும் கருவி) ஒழுங்காக வைக்கக் கற்றேன்.

மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி, மூன்று ஃபேஸிலும் கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் சரிபாருங்கள். அப்புறம் மோட்டார் தகட்டில் முழுச்சுமை ஆம்பியரைப் படியுங்கள். என்னுடையதில் 14.5. ரிலேயையும் 14.5-இலேயே வைத்திருந்தேன், அதுதான் தப்பு. ஸ்டார் டெல்டாவில் ரிலே பெரும்பாலும் வைண்டிங்குக்குப் போகும் ஒயரில் உட்கார்ந்திருக்கும். அங்கே ஓடுவது லைன் கரண்டில் 0.58 பங்குதான்: 14.5 × 0.58 = 8.4. ரிலே குமிழின் முள் 8.4-இல் நிற்க வேண்டும். ரிலே உள்வரும் லைனில் இருந்தாலோ, டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேராக லைனில் கிளப்புவது) என்றாலோ முழு 14.5.

அடிக்கடி ட்ரிப் ஆகிறதா? குமிழை ஏற்றாதீர்கள் (எல்லாரும் செய்வது அதைத்தான்). மோட்டார் ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் (ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டுவது) மூன்று ஒயரையும் அளந்து பாருங்கள். ஒன்று பூஜ்யம் என்றால் ஃபேஸ் போயிருக்கிறது. மூன்றும் ஏறியிருந்தால் பம்பு இறுக்கம், அல்லது வோல்டேஜ் குறைவு.

குறைந்த வோல்டேஜுக்கு நோ வோல்ட் காயிலை (ஸ்டார்ட்டரை ஆன் நிலையில் பிடித்து வைக்கும் காயில்) நம்பாதீர்கள். கரண்ட் போனால் விடும். 415 வோல்ட் 320-க்கு இறங்கினாலும் பிடித்துக்கொண்டே நிற்கும். மோட்டாரோ அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறும். தனி வோல்டேஜ் ரிலே வாங்கி, அதன் கான்டாக்ட்டை நோ வோல்ட் காயிலோடு தொடராகக் கொடுங்கள். நான் 350 வோல்ட், 5 வினாடித் தாமதம் வைத்திருக்கிறேன். தாமதமே இல்லாவிட்டால், மோட்டார் கிளம்பும்போது வரும் சரிவுக்கே விழுந்துவிடும்.