விண்வெளிக் கதையாட்டம்: எந்த விதிகளோடு தொடங்கலாம்?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர், கதையை நடத்த ஒருவர், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம், முடிவு தெரியாத இடத்தில் பகடை. ரோல்பிளே என்பது இவ்வளவுதான். விண்வெளிக் கதை என்றதும் பலர் அட்டைப்படத்தைப் பார்த்து விதிநூலைப் பிடிக்கிறார்கள். படத்தை விடுங்கள்.

படி 1: உங்கள் ஆட்கள் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

காசுக்கு என்றால் ட்ராவலர் என்ற விதிநூல். 1977இல் வந்தது. கப்பலைக் கடனுக்கு எடுத்தால், விலையில் 240இல் ஒரு பங்கை மாதாமாதம் 480 மாதங்களுக்குக் கட்ட வேண்டும். நாற்பது வருஷ லீசிங்! வீட்டில் முச்சக்கரவண்டிக்குத் தவணை கட்டிய பெடியளுக்கு விளக்கமே தேவையில்லை. தவணை நெருங்கும்போது சந்தேகமான சரக்கையும் ஏற்றுவார்கள்; கதை அங்கே பிறக்கும். செய்தியும் கப்பலோடுதான் போகும், ஒரு ஜம்புக்கு, அதாவது ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, சுமார் ஒரு வாரம். களத்துக்கு எங்கள் துறைமுகத்தையே விண்தளமாக்குங்கள். 1782 என்ற ஒரே ஆண்டில் திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. இதைவிட நல்ல பின்னணியை நான் கற்பனை செய்ததில்லை.

பயம் வேண்டுமா? மதர்ஷிப். தோல்வி ஒவ்வொன்றும் மன அழுத்தத்தைக் கூட்டும். பதற்றச் சோதனையில் 20 முகப் பகடை அந்த அளவையோ அதற்குக் கீழேயோ காட்டினால் ஆள் உடைந்துபோவார். வீரர்களுக்கான விதிநூல் இலவசமாகவே கிடைக்கிறது.

சிரிப்புக்கு லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ், ஒரே பக்கம். சண்டைப் பிரியர்கள் ஸ்டார்ஃபைண்டரைக் கேட்பார்கள். தடித்த நூல் அது, புதியவர்களுக்கு நான் கொடுக்கமாட்டேன்.

படி 2: கையில் என்ன பகடை?

ட்ராவலருக்கு லூடோப் பெட்டியில் வரும் பகடை இரண்டு போதும். கூட்டி 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி: 36இல் 15 வாய்ப்பு. திறமைக்கு ஒன்று கூடினால் 36இல் 21. ஒரே ஒரு புள்ளிக்கு இவ்வளவு பாய்ச்சல்! 20 முகப் பகடையில் ஒரு புள்ளி எப்போதும் 5 வீதம்தான். அந்தப் பகடையைத் தேடி நகரமெல்லாம் அலைய வேண்டாம், போனில் ஒரு ஆப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு காட்சியை ஓட்டிப் பாருங்கள்

தள வாசலில் சுங்கம் மறிக்கிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று கப்பலில் எவருக்கும் தெரியாது. அரை மணித்தியாலம் விளையாடுங்கள். உப்புவெளிக் கடற்கரை வேண்டாம், காற்றில் தாள் பறக்கும். ஆட்களைவிட நூலையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் விதி உங்களுக்குக் கனமாகிவிட்டது. மெலிந்த ஒன்றுக்கு மாறுங்கள். உருட்டிய பகடை ஒன்றுகூடப் படி 1இன் கவலையைத் தொடவில்லை என்றால் விதியே பிழை.

படி 4: நடத்துபவருக்கும் கொஞ்சம் இரக்கம்

உலகங்களை யோசிக்க நேரமில்லாதவர் ஸ்டார்ஸ் விதவுட் நம்பரின் இலவசப் பதிப்பை எடுக்கட்டும். அதன் அட்டவணைகளில் பகடை உருட்டினால் கிரகங்களும் அவற்றின் சிக்கல்களும் கிடைக்கும். வேறு விதிகளில் விளையாடினாலும் அவை உதவும்.

ட்ராவலர்தான் என்று முடிவானால், முதல் மாலையைப் பாத்திரம் உருவாக்கவே ஒதுக்குங்கள். 1977 விதிகளில் ஆட்டம் தொடங்கும் முன்பே பாத்திரம் செத்துப்போகலாம். ஆளுக்கு இரண்டு தாள் வையுங்கள்.