'அப்போஸ் அகெயின்ஸ்ட்' என்று எழுதுகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

எங்கள் குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றப் போவதாகச் சொன்னபோது சங்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போனது. முதல் வரியே 'வீ ஆர் ஆப்போசிட் டு தி ஹைக்'. எழுதியவன் நான்தான். கட்டண உயர்வு ஒரு கட்டடம் மாதிரியும், நாங்கள் சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடை வாசலில் நிற்கிற மாதிரியும் ஆகிவிட்டது. 'வீ ஆர் அப்போஸ்டு டு தி ஹைக்' என்று எழுதியிருக்க வேண்டும்.

பழியை நான் 'எதிர்' மேல் போடுகிறேன். எதிர்வீடு, எதிர்க்கட்சி, எதிர்காலம், எதிர்பார்ப்பு, எதிரொலி என்று தமிழில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லா வேலையும் பார்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் எதிரே இருப்பது வேறு, எதிர்ப்பது வேறு. வங்கிக்கு எதிரே வீடு என்றால் 'ஆப்போசிட்'. அதற்குப் பின்னால் 'டு' கூடத் தேவையில்லை, 'ஆப்போசிட் தி பேங்க்' போதும். நம் ஊர் முகவரிகளிலும் கடைப் பலகைகளிலும் 'ஆப்போசிட் டு' நிறையப் பார்க்கலாம், தபால்காரர் அதை வைத்தும் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகலாம்.

இப்போது எதிர்ப்பதைச் சொல்லும் 'அப்போஸ்'. இந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் எதுவும் ஒட்ட வேண்டாம். 'அப்போஸ்டு அகெயின்ஸ்ட் தி ப்ளான்' என்று எழுதுகிறவர்கள் தமிழில் யோசிப்பதால் தவறு வருகிறது என்பார்கள். எனக்கென்னவோ ஒழுங்காகத் தமிழில் யோசித்தாலே இந்தத் தவறு வராது என்று தோன்றுகிறது. 'திட்டத்தை எதிர்த்தார்' என்கிறோம், 'திட்டத்திற்கு எதிராக எதிர்த்தார்' என்று யாராவது சொல்வோமா? அதே கணக்குதான் அங்கேயும்: 'ஹீ அப்போஸ்டு தி ப்ளான்'. பெயர்ச்சொல்லாக மாறும்போது நாம் 'திட்டத்திற்கு எதிர்ப்பு' என்று 'கு' போடுகிறோம், அவர்கள் 'ஆப்பொசிஷன் டு தி ப்ளான்' என்று 'டு' போடுகிறார்கள். இவ்வளவு அழகாகப் பொருந்துவதை விட்டுவிட்டு எங்கிருந்தோ 'அகெயின்ஸ்ட்'டை இழுத்து வருகிறோம்.

குழப்புவது 'ஈஸ் அப்போஸ்டு டு'தான். ஆளைப் பற்றிச் சொல்லும்போது 'அப்போஸ்டு'வுக்கு முன்னால் 'ஈஸ்', 'வாஸ்' வந்தால் பின்னால் 'டு' வரும், வராவிட்டால் வராது. அந்த 'டு'வுக்கு அப்புறம் வினைச்சொல் வந்தால் 'இங்' சேர்க்க வேண்டும், அதாவது 'அப்போஸ்டு டு ரெய்சிங் தி ஃபீஸ்', 'ரெய்ஸ்' இல்லை. இன்னொரு கண்ணி 'ஆஸ் அப்போஸ்டு டு'. இதில் எதிர்ப்பே கிடையாது. 'காபி ஆஸ் அப்போஸ்டு டு டீ' என்றால் டீ அல்ல, காபி, அவ்வளவுதான். இதை 'டீக்கு எதிராகக் காபி' என்று மொழிபெயர்த்து வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

'அகெயின்ஸ்ட்' வினைச்சொல் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 'ஐ அகெயின்ஸ்ட் திஸ்' தவறு, 'ஐ ஆம் அகெயின்ஸ்ட் திஸ்' என்று எழுத வேண்டும். 'அகெயின்ஸ்ட் டு', 'அகெயின்ஸ்ட் ஆஃப்' இரண்டும் தவறு. பேச்சுத் தமிழில் 'அவன் எனக்கு அகெயின்ஸ்ட்டா பேசுறான்' என்று சொல்லிச் சொல்லிப் பழகியதில் அந்த 'எனக்கு' ஆங்கிலத்துக்குள் போய் 'டு' ஆகிவிடுகிறது. சண்டையே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் வரும், சுவரில் சாய்ந்து நிற்பதற்கும் 'அகெயின்ஸ்ட் தி வால்'தான்.

கிரிக்கெட் பேசும்போது வருவது தனிக் கூத்து. 'இந்தியா ஆஸ்திரேலியாவை ஜெயித்தது' என்பதை அப்படியே 'இந்தியா வன் ஆஸ்திரேலியா' என்று சொல்லிவிடுகிறோம், கேட்பவருக்கு ஆஸ்திரேலியா என்ன கோப்பையா என்று தோன்றும். ஆட்டத்தையும் கோப்பையையும்தான் 'வின்' பண்ண முடியும், எதிரணியை 'பீட்' பண்ண வேண்டும். அந்த எதிரணிக்கு 'தி ஆப்பொசிஷன்' என்றே பெயர். எதிராக ஆடுகிறவர் 'அப்போனன்ட்', செஸ் ஆட உட்கார்ந்தவரை 'எனிமி' என்று சொல்லாதீர்கள். தமிழில் எதிராளி வேறு எதிரி வேறு என்று நமக்கு நன்றாகவே தெரியும்.

எதிர்க்கட்சியை 'ஆப்போசிட் பார்ட்டி' என்று எழுதுவதும் தவறு, 'ஆப்பொசிஷன் பார்ட்டி'. ஆனால் வேடிக்கை பாருங்கள், நுகர்வோர் வழக்கு போட்டால் நம் நாட்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்புக்குப் பெயரே 'ஆப்போசிட் பார்ட்டி'தான். அங்கே அது சரி.

'அப்ஜெக்ட்' என்ற வினைச்சொல், 'அப்போஸ்' மாதிரி இல்லை. இதற்குப் பின்னால் எதை ஆட்சேபிக்கிறோம் என்று சொன்னால் 'டு' கட்டாயம்: 'ஹீ அப்ஜெக்டட் டு தி ப்ளான்'. தமிழில் 'ஆட்சேபம் தெரிவித்தார்' என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் 'கு' தானாக வரும், கூடவே 'டு'வும் வரும்.

'ரெசிஸ்ட்' என்பது தாக்குப்பிடிப்பது, அடங்காமல் நிற்பது. பிரியாணியைப் பார்த்து 'ஐ கான்ட் அப்போஸ் பிரியாணி' என்று சொன்னால் பிரியாணிக்கு எதிராகக் கொடி பிடிக்க முடியவில்லை என்று அர்த்தமாகும். 'கான்ட் ரெசிஸ்ட்' என்றால்தான் நாக்கு ஊறுவது புரியும்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று சொல்லிலும் அழுத்தம் இடம் மாறுகிறது: 'அப்போஸ்' என்பதில் 'போ' மேல், 'ஆப்போசிட்' என்பதில் முதல் எழுத்தின் மேல், 'ஆப்பொசிஷன்' என்பதில் 'சி' மேல்.

அப்புறம் 'ஃபைட் வித்'. 'அவனோடு சண்டை போட்டேன்' என்றால் அவனை எதிர்த்து என்றுதான் நமக்குப் புரியும். ஆங்கிலத்தில் 'ஃபாட் வித் ஹிம்' என்றால் அவனை எதிர்த்தும் இருக்கலாம், அவன் பக்கம் நின்று மூன்றாவது ஆளையும் அடித்திருக்கலாம். பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்பதற்கு எதிராக என்றே பொருள் இருந்தது, 'வித்ஸ்டாண்ட்' என்ற சொல்லில் அது இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் வரும் இடத்தில் 'ஃபாட் அகெயின்ஸ்ட்' என்றே எழுதிவிடுங்கள்.