டிடெக்டர் கம்பெனி கை மாறிடுச்சா? உங்க மெஷினுக்கு நீங்க பண்ண வேண்டியது

நீங்க வச்சிருக்கற மெட்டல் டிடெக்டர் பிராண்டை இன்னொரு கம்பெனி வாங்கிடுச்சுன்னு நியூஸ் வந்தா, உடனே பாதி பேரு "மெஷினை இப்பவே வித்துடு"ன்னு சொல்லுவாங்க, மீதி பாதி "பெரிய கை வந்திருக்கு, இனிமே பாரு"ன்னு சொல்லுவாங்க. ரெண்டு பேச்சையும் கொஞ்ச நாள் தள்ளி வைங்க. வாங்கினவங்க எதை வாங்கினாங்க, பேரையா, ஃபேக்டரியையா, டிசைன் பண்ற ஆளுங்களையா, இதை மட்டும் முதல்ல தேடுங்க. உங்க மெஷினோட கதி அதுலதான் இருக்கு.

கம்பெனியையே முழுசா வாங்கியிருந்தா பழைய வாரண்டி, பாக்கி ரிப்பேர் எல்லாம் பொதுவா கூடவே போயிடும். ஆனா பேரு, பேட்டன்ட், டிசைன் மட்டும் தனியா வாங்கியிருந்தா பழைய வாரண்டியை ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் பெரும்பாலும் அவங்க போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அதனால அறிவிப்புல "சொத்துகள்", "அறிவுசார் உரிமை"ன்னு வந்தா உஷாரா படிங்க. வைட்ஸ் கதை இப்படித்தான். 1950-ல இருந்து அமெரிக்காவுல ஓரிகான் மாநிலம் ஸ்வீட் ஹோம்ல ஓடிட்டிருந்த கம்பெனி, 2020-ல மூடிட்டாங்க, கேரட்ங்கற (Garrett) இன்னொரு டிடெக்டர் கம்பெனி அதோட டிசைன், பேட்டன்ட் எல்லாத்தையும் வாங்கிச்சு. அப்புறம் 48 கிலோஹெர்ட்ஸ்ல ஓடற கோல்டுமாஸ்டர் 24கே மெஷின் கேரட் பேர்ல வெளிய வந்துச்சு. ஆனா வைட்ஸ்ங்கற பேர்ல பழைய மாதிரி ஒரு ஃபுல் ரேஞ்ச் திரும்பி வரல. நல்ல டிசைன் ஒண்ணு பிழைச்சுது, பிராண்டு பிழைக்கல, இந்த ரெண்டும் வேற வேற விஷயம்.

ஃபிஷர் இதுக்கு நேர் எதிர். ஜெர்ஹார்ட் ஃபிஷர் 1931-ல ஆரம்பிச்ச கம்பெனியை 2006-ல ஃபர்ஸ்ட் டெக்சாஸ்ங்கற டிடெக்டர் கம்பெனி வாங்கி கலிஃபோர்னியாவுல இருந்து எல் பாசோவுக்குக் கொண்டு போனாங்க. ஊர் மாறிச்சு, முதலாளி மாறிச்சு, ஆனா முன்னாடி ஃபிஷருக்காக மெஷின் டிசைன் பண்ணிக் கொடுத்த டேவ் ஜான்சன் ஃபர்ஸ்ட் டெக்சாஸ்லதான் இருந்தாரு, அதுக்கப்புறம் வந்த எஃப்75 மெஷின் அந்தப் பேருக்கு ஒரு புது வாழ்க்கையே கொடுத்துச்சு. மைன்லேப்பையும் பாருங்க, 2008-ல கோடான் வாங்கினாங்க, அவங்க ரேடியோ கம்யூனிகேஷன் தொழில்ல ஊறினவங்க, அதுக்குப் பின்னாடிதான் ஜிபிஇசட் 7000, ஈக்வினாக்ஸ் மெஷினெல்லாம் வந்துச்சு. என்னைக் கேட்டா வாங்கினவங்ககிட்ட எவ்ளோ பணம் இருக்குன்றதைவிட அவங்க தொழில் என்ன, பழைய இன்ஜினியருங்க இருக்காங்களா, இதுதான் முக்கியம்.

டெசோரோவைச் சொல்லாம விட முடியாது. முதல் ஓனருக்கு லைஃப்டைம் வாரண்டி கொடுத்த கம்பெனி, 2018-ல மூடினாங்க. மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரிப்பேருக்கு அனுப்ப கம்பெனியே இல்ல. லைஃப்டைம்னு எழுதியிருந்தா அது கம்பெனியோட ஆயுசு, உங்களோடது இல்ல, இதை மனசுல வச்சுக்கோங்க.

சரி, நியூஸ் வந்த வாரத்துலயே என்ன பண்ணணும். மெஷினோட சீரியல் நம்பர், பில் ரெண்டையும் போட்டோ எடுத்து வைங்க, புது ஓனருக்கு ஒரு மெயில் போட்டு இந்த மாடலுக்கு வாரண்டி தொடருதா, எங்க அனுப்பணும்னு எழுத்துல பதில் வாங்குங்க, போன்ல சொன்னது நாளைக்கு நிக்காது. ஏற்கனவே ஸ்க்ரீன்ல கோடு வருது, பட்டன் ஒட்டுதுன்னு சின்ன கோளாறு இருந்தா தள்ளிப் போடாம இப்பவே ரிப்பேருக்கு அனுப்பிடுங்க, பழைய ஸ்டாஃபும் பழைய பார்ட்ஸும் இருக்கற நேரம் இதுதான்.

அடுத்து சாஃப்ட்வேர். அப்டேட் இருந்தா போட்டுடுங்க, இன்ஸ்டாலர் ஃபைலை கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணி வைங்க, ஆனா அதை மட்டும் நம்பிடாதீங்க, சில அப்டேட்டர் ஒவ்வொரு தடவையும் கம்பெனி சர்வர்ல இருந்துதான் ஃபைலை எடுக்கும், சர்வரை நிறுத்திட்டா அந்த இன்ஸ்டாலர் வெறும் ஐகான்தான். மேனுவல் பிடிஎஃப்பையும் இறக்கிடுங்க, சைட் மாறினா முதல்ல காணாம போறது அதுதான்.

இப்ப காயில், அதாவது கீழ தரையை ஒட்டி ஆட்டற தட்டு. இதுலதான் நிறைய பேரு கோட்டை விடறாங்க. டிடெக்டர்ல அதிகமா அடி வாங்கறது காயில், கல்லுல இடிக்கும், தண்ணில ஊறும், கேபிள் முறுக்கிக்கும். இது போனா வேற பிராண்டு காயிலை எடுத்து மாட்ட முடியாது, ஏன்னா உள்ள அனுப்பற சுருளும் வாங்கற சுருளும் அந்த மெஷினோட ஃபிரீக்வென்சிக்கும் சர்க்யூட்டுக்கும் ஏத்த மாதிரி பேலன்ஸ் பண்ணியிருக்கும், கனெக்டர் பொருந்தினாலும் மெஷின் கத்திக்கிட்டே இருக்கும் இல்லன்னா ஆழமே போகாது. சில மெஷின் காயில்ல சிப் வேற இருக்கும், எக்ஸ்பி டியூஸ் மாதிரி மெஷின்ல காயிலுக்குள்ளயே பேட்டரியும் எலக்ட்ரானிக்ஸும் உண்டு. உங்க மாடலுக்கு என்இஎல், காயில்டெக், டீடெக் மாதிரி வெளி கம்பெனி காயில் பண்றாங்களான்னு பாருங்க, பண்ணினா நிம்மதி, இல்லன்னா ஒரிஜினல் காயில் ஒண்ணு ஸ்டாக் இருக்கும்போதே வாங்கி வச்சுக்கறது நல்லது. அதோட சார்ஜிங் கேபிள், முக்கியமா காந்தம் வச்சு ஒட்டற தனி டைப் கேபிள்னா ஒண்ணு எக்ஸ்ட்ரா. காயிலை மாட்டற கீழ் ராடு ஒண்ணு. போதும், அலமாரி நிறைய வாங்கி அடுக்க வேணாம்.

பேட்டரியையும் பாத்துடுங்க. ஏஏ பேட்டரி போடற பழைய மெஷின் கம்பெனி இல்லாமயே வருஷக்கணக்கா ஓடும். சீல் பண்ணின வாட்டர்ப்ரூஃப் பாடிக்குள்ள லித்தியம் பேட்டரி வச்ச மெஷின்னா பேட்டரி சோர்ந்ததும் யார் மாத்துவாங்க, மாத்தின பிறகு தண்ணி புகாம சீல் பண்ணித் தருவாங்களாங்கறது பெரிய கேள்வி, அதனால இந்த டைப் வச்சிருக்கவங்க சர்வீஸ் பத்தி நல்லா கறாரா கேளுங்க.

அப்புறம் ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் சும்மா கவனிங்க. சர்வீஸ் சென்டர் அட்ரஸ் அப்படியே இருக்கா, காயில் ஸ்டாக் வருதா, பழைய மாடல் பக் சரி பண்ணி அப்டேட் விடறாங்களா, இதெல்லாம் நல்ல அறிகுறி. பழைய மெஷினுக்கே கலர் மாத்தி புது பேர் வச்சு விக்கறாங்க, டீலருங்க கையில இருக்கறதை அடிமாட்டு விலைக்குத் தள்ளறாங்க, பார்ட்ஸ் கேட்டா மாசக்கணக்கா பதில் இல்லன்னா அவங்க பேரை மட்டும் கறந்துட்டிருக்காங்கன்னு அர்த்தம். புது மாடல் அறிவிப்பை மட்டும் பாத்து மயங்காதீங்க, ஏற்கனவே வாங்கினவனை எப்படி நடத்தறாங்கன்னு பாருங்க.

இந்த நேரத்துல அந்த பிராண்டுல வாங்கலாமான்னு கேட்டா, செகண்ட் ஹேண்ட்ல வெளி காயில் கிடைக்கற, ஏஏ பேட்டரி போடற மாடல்னா தைரியமா வாங்கலாம், பயத்துல விக்கறவங்ககிட்ட நல்ல விலைக்குக் கிடைக்கும். எல்லாமே உள்ள சீல் பண்ணின விலை ஜாஸ்தி மாடல்னா வாரண்டி பதில் எழுத்துல வர்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு இருங்க. புது ஓனர் விடற முதல் மெஷினை முதல் மாசமே வாங்காதீங்க, அதுக்கு ஒரு அப்டேட்டாவது வரட்டும், ரிப்பேருக்கு அனுப்பின நாலு பேருக்கு மெஷின் திரும்பி வந்துச்சான்னு கேட்டுட்டு வாங்குங்க.