கையேந்தி பவனில் இருக்கும் கவனம் பாங்காக்கில் எங்கே போகிறது?

சௌகார்பேட்டையிலோ தி.நகரிலோ தெருவோரம் சாப்பிட நிற்கும்போது நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எண்ணெய் கறுத்திருக்கிறதா, தோசை கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வருகிறதா, ஆட்டோக்காரர்கள் நின்று சாப்பிடுகிறார்களா, காசு வாங்கும் கையே சட்னிக்கும் போகிறதா என்று கண் ஒரு நொடியில் பார்த்துவிடும். அதே ஆள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டால் எல்லாம் மறந்துவிடுகிறது. பயந்தவர்கள் பத்து நாளும் அறையில் கப் நூடுல்ஸும் வீட்டுப் புளிக்காய்ச்சலும் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். துணிந்தவர்கள் வீடியோவில் பார்த்த ஒரே கடையைத் தேடிப் போய் வரிசையில் நிற்கிறார்கள். பாங்காக்கில் மிச்செலின் நட்சத்திரம் வாங்கிய நண்டு ஆம்லெட் கடை ஒன்று இருக்கிறது, ஒரு ஆம்லெட்டின் விலை தாய்லாந்துப் பணத்தில் 1,000 பாட் (baht) தாண்டும், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தச் சமையலில் குறை இல்லை, ஆனால் அந்த நேரத்தில் பக்கத்துச் சந்துகளில் ஐந்து கடைகளில் சாப்பிட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

நிறைய பேர் கோட்டை விடுவது நேரத்தில்தான். மயிலாப்பூரில் மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சூடாகப் பொங்கல் கேட்டால் கிடைக்குமா? வியட்நாமின் ஹனோயில் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் முதலில் காலைச் சாப்பாடு, பல நல்ல கடைகள் விடியும்போது திறந்து அண்டா காலியானதும் மூடிவிடும். முதல் நாள் நான் தூங்கி எழுந்து பதினொரு மணிக்குப் போனபோது கடைக்கார அம்மா அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் ஆறரைக்கே போய் முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அரிசி நூடுல்ஸை ஒரு கம்பி வலையில் போட்டுக் கொதிநீரில் இரண்டு முக்கு, கிண்ணத்தில் கவிழ்த்து, மேலே பிய்த்த கோழிக்கறி, வெங்காயத்தாள், நூல் மாதிரி நறுக்கிய எலுமிச்சை இலை, அப்புறம் கொதிக்கக் கொதிக்க ரசம் போலத் தெளிந்த சாறு. ஆவி முகத்தில் அடித்ததும் வந்த வாசனை, மோர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் வேப்பிலைக்கட்டியின் வாசனை. பூண்டு ஊறிய வினிகரை ஒரு கரண்டி விட்டுக்கொண்டால் போதும், வேறு எதுவும் கேட்க வேண்டாம். பாங்காக்கின் யாவராட் தெருவோ இதற்கு நேர் எதிர், இருட்டிய பிறகுதான் களைகட்டும், திங்கட்கிழமையில் பல கடைகள் இருக்காது. ஆகவே ஊருக்குப் போய் இறங்கியதும் தங்கும் இடத்தில் இருப்பவரிடம் "எது நல்ல கடை" என்று கேட்காமல், "நீங்கள் காலையில் எங்கே சாப்பிடுவீர்கள், ராத்திரி எங்கே" என்று கேளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் செய்யும் தவறு, 'வெஜிடேரியன்' என்ற சொல்லை நம்புவது. அசைவம் சாப்பிடுபவர்களும் சில மாமிசத்தைத் தவிர்ப்பதாக இருந்தால் இதைப் படிக்க வேண்டும். மலேசியாவில் 'சாயூர்' என்றால் காய்கறி, அவ்வளவுதான். அந்தக் காய்கறியை இறால் விழுதான பெலாச்சானில் வதக்கியிருப்பார்கள். தாய்லாந்தில் மீன் சாறு உப்பு மாதிரி, அதைப் போட்டதாகவே அவர்கள் நினைப்பதில்லை. அங்கே கேட்க வேண்டிய சொல் 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, நம் கண்ணுக்கு 17 என்று எழுதியது போலத் தெரியும். அந்தக் கொடி இருக்கும் கடையில் மீன் சாறு கிடையாது, முட்டை, பால்கூடக் கிடையாது, பூண்டு வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் வரும் ஒன்பது நாள் சைவத் திருவிழாவின்போது போனால் தெருவெல்லாம் அந்தக் கொடிதான். வியட்நாமில் அதற்குச் சொல் 'சாய்', சந்திர மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும், அதாவது ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும், அங்கே பலர் சைவம். பயணத் தேதி போடும்போது காலண்டரை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

பக்கத்து நாடு, நம் மொழி என்று அசட்டையாக இருக்கும் இடத்தில்தான் இன்னும் மாட்டிக்கொள்கிறோம். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு சின்னக் கடையில் என்னுடன் வந்த நண்பன் இடியாப்பத்துக்குத் தேங்காய்ச் சம்பலை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான், பிறவியிலிருந்து சைவம். நம் தேங்காய்த் துவையலுக்குக் கொஞ்சம் சிவப்பு சேர்த்தது போல இருந்தது. நடுவில் மரத்தூள் மாதிரி ஏதோ பல்லில் கடிபட்டது. "அண்ணே, இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "மாசி தம்பி. மாசி இல்லாம சம்பலா?" என்றார் அவர், கேள்வியே புரியாதவராக. காய்ந்த சூரை மீன் அது. அவர் மீது தப்பே இல்லை, சாப்பிடும் முன் நாங்கள் கேட்டிருக்க வேண்டும். நிலக்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த ஊர் எழுத்தில் ஒரு அட்டையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தின் பப்பாளிக்காய் சாலடான சோம் தாமில் கடலையும் காய்ந்த இறாலும் ஒரே உரலில் இடிபடும், உங்களுக்கு மட்டும் போடாமல் இடித்தாலும் முன்னால் இடித்தது உரலில் இருக்கும்.

காரத்தில் வீரம் வேண்டாம். நாம் பழகியது பெரும்பாலும் வற்றல் மிளகாய், அதுவும் எண்ணெயில் வெந்தது. தாய்லாந்தில் இடித்துப் போடுவது பச்சையான ஊசி மிளகாய், வெறும் வயிற்றில் போனால் ஆந்திரா மெஸ் அனுபவமெல்லாம் கைகொடுக்காது. முதல் நாள் 'பெட் நிட் நோய்', கொஞ்சம் காரம், என்று சொல்லிப் பாருங்கள்.

விலை. பினாங்கின் நாசி கண்டார் நம் தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தோளில் சுமந்து விற்ற சோறு, கடையில் தமிழிலேயே பேசலாம். ஆனால் இறால், மீன் சினை, நண்டு எல்லாவற்றையும் விரல் நீட்டிக் காட்டிவிட்டுக் கடைசியில் விலை கேட்டால் அதிரத்தான் செய்யும், தட்டில் விழும் முன்பே கேட்டுவிடுங்கள். வியட்நாமில் 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம், ராத்திரி வெளிச்சத்தில் மாறிப்போகும், அதனால் பெரிய நோட்டைத் தனி மடிப்பில் வையுங்கள். சிங்கப்பூரில் பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குள் இருக்கும் ஹாக்கர் சென்டரில் காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள், இடம் பிடித்திருக்கிறார்கள். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு உண்டு, பார்த்து வையுங்கள்.

வயிற்றைப் பற்றிச் சுருக்கமாக: கண் முன்னால் சூடாக வருவதைச் சாப்பிடுங்கள், வெட்டி வைத்த பழத்தை விட்டுவிடுங்கள், ராத்திரி பஸ் ஏறும் முன் புது உணவு வேண்டாம். டைபாய்டு தடுப்பூசி போடுவதாக இருந்தால் கிளம்ப இரண்டு வாரம் முன்பாவது போட வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. வீட்டிலிருந்து மசாலாப் பொடி கொண்டுபோனால் அதில் கசகசா இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூரிலும் துபாயிலும் அதற்குத் தடை.

டிக்கெட் போடும் முன் ஒரு மாலை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் பக்கம் போய்விட்டு வாருங்கள். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ அங்கே தள்ளுவண்டியில் கிடைக்கும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் ஒரே கையால் பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். நின்றுகொண்டே சாப்பிடுங்கள், பக்கத்தில் நிற்பவர் அதில் என்னென்ன கூடுதலாகக் கேட்கிறார் என்று கவனியுங்கள், அடுத்த தட்டுக்கு நீங்களும் அதையே கேளுங்கள்.