முதியோர் இல்லத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால்: கொழும்பில் முதல் தடவை முறைப்பாடு செய்வோருக்கு

வெள்ளவத்தை, தெஹிவளை, நுகேகொடைப் பக்கமுள்ள முதியோர் இல்லங்களில் நிறையத் தமிழ்ப் பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும். இங்கே மிஞ்சியிருக்கும் ஒரு மகளோ, மருமகனோ, பெறாமகனோதான் வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது. அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அம்மாவின் கையில் ஒரு நீலத் தழும்பைக் கண்டும், "கேட்டால் நாங்கள் போன பிறகு அவவைத்தான் கஷ்டப்படுத்துவார்கள்" என்ற பயத்தில் பேசாமல் வருகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பேசாமல் விடுவதால் அம்மாவுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்தால் அவவையும் காப்பாற்றலாம், ஆதாரமும் தங்கும்.

முதலில்: இப்போதே ஆபத்தா?

மயக்கம், மூச்சுத் திணறல், தலையில் அடி, எலும்பு முறிவு, காய்ச்சலோடு நாறும் புண், எழுப்பினாலும் எழும்பாத தூக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் இல்லத்தோடு வாதாடிக்கொண்டு நிற்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். யாராவது அடிக்கிறார்கள், பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் 119. ஆஸ்பத்திரியில் டொக்டரிடம், "இது எப்படி நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் "விழுந்துவிட்டார்" என்று இல்லம் சொன்ன கதைதான் டிக்கெட்டில், அதாவது ஆஸ்பத்திரியின் நோயாளர் குறிப்பில், ஏறும்.

எதைப் பார்க்க வேண்டும்

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். சந்தேகம் சரியா பிழையா என்பது பெரும்பாலும் இங்கேதான் தெளியும்.

வயதானவர்களின் தோல் மெல்லியது. அஸ்பிரின், வோபரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குச் சும்மா கதிரையில் இடித்தாலே முன்கையில் நீலம் பாய்ந்துவிடும். ஆகவே முன்கையிலோ முழங்காலுக்குக் கீழேயோ ஒரு தழும்பைக் கண்டதும் முடிவுக்கு வர வேண்டாம். காது, கழுத்து, முகம், முதுகு, தொடையின் உட்பக்கம், இரண்டு மேற்கையிலும் விரல் பதிந்த மாதிரி, மணிக்கட்டைச் சுற்றிக் கட்டிய மாதிரி இருந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். நிறத்தை வைத்து "இது மூன்று நாள் பழசு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தழும்பின் வயதை நிறத்தால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அடிப்பதைவிடக் கவனிக்காமல் விடுவதுதான் கண்ணுக்குப் படாமல் நடக்கிறது. படுக்கையிலேயே இருப்பவரின் நாரி எலும்பு, குதிக்கால், இடுப்புப் பக்கம் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் வெளிறாமல் சிவப்பாகவே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். நிறம் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, சூடாகவோ கல்லுப்போலவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். எழும்ப முடியாதவரை வழமையாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பார்கள். புரட்டும் நேரத்தைக் குறித்த தாள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நாக்கு வறண்டிருப்பது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, நனைந்த பம்பர்ஸோடு மணித்தியாலக் கணக்கில் கிடப்பது, நகம் வெட்டாமல் இருப்பது, கண்ணாடியும் பல் செட்டும் "காணாமல்" போவது எல்லாம் கணக்குத்தான். நிறையைக் கேளுங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் அது டொக்டர் பார்க்க வேண்டிய விஷயம். திடீரென்று எப்போதும் தூங்கி வழிந்தால் புதிதாக என்ன மாத்திரை தொடங்கினார்கள் என்று விசாரியுங்கள். சிறுநீர்த் தொற்றும் அப்படிச் செய்யும், அதனால்தான் டொக்டர் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நம் ஆட்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. மறதி நோய் வந்தவர்கள் பலர் பிந்திப் படித்த மொழியை இழந்து தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார்கள். நாற்பது வருடம் கந்தோரில் சிங்களம் பேசிய ஐயா இப்போது "தண்ணி" என்று மட்டும் சொல்லுவார். சுற்றி நிற்பவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர் தாகத்தோடுதான் கிடப்பார். யாரும் கெட்டவராக இல்லாமலேயே நடக்கும் புறக்கணிப்பு இது. தண்ணி, நோகுது, பசி, கக்கூஸ் போன்ற பத்துச் சொல்லைச் சிங்கள எழுத்தில், பக்கத்தில் சிங்கள அர்த்தத்தோடு எழுதிக் கட்டிலருகே ஒட்டிவிடுங்கள். அதன் பிறகும் தண்ணீர் கிடைக்கவில்லை என்றால் விளங்கவில்லை என்ற சாட்டு செல்லாது.

தனியாகக் கேளுங்கள்

வேலைக்காரர் பக்கத்தில் நிற்கும்போது கேட்க வேண்டாம். வெளியே காற்றுப் பட இருத்திவிட்டு, "இங்க எப்படி அம்மா? இராவில ஆர் வந்து பாக்கிறது?" என்று பொதுவாகத் தொடங்குங்கள். "அடிச்சாங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் அவ பயந்து இல்லை என்பார், அல்லது உங்களுக்காக ஓம் என்பார். இரண்டும் பிறகு உதவாது. அவ சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். புத்தி தெளிவாக உள்ளவர் என்றால் அடுத்து என்ன செய்வது என்பது அவவின் முடிவு. அவவைக் கேட்காமல் குடும்பம் கூடி முடிவெடுப்பது இன்னொரு அவமரியாதை.

ஒரு கொப்பி வாங்குங்கள்

திகதி, நேரம், கண்டது, கடமையில் இருந்தவர், அவர் சொன்ன பதில். இவ்வளவுதான். "கவனிப்பு மோசம்" என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. இப்படி எழுத வேண்டும்: "மாலை 4.30. மதியச் சாப்பாடு தட்டில் அப்படியே. பம்பர்ஸ் முழுக்க நனைந்து முதுகு வரை. கேட்டதற்கு, ஆள் குறைவு என்றார்கள்." படம் எடுக்க முன் அம்மாவிடம் கேளுங்கள். காயத்துக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு தெரியும். மற்ற முதியவர்கள் படத்தில் விழக் கூடாது. தயவுசெய்து பேஸ்புக்கில் போடாதீர்கள். உடுப்பு விலகிய உங்கள் தாயின் உடம்பு அது, ஊரார் பகிர்வதற்கில்லை.

போகும் நேரத்தையும் மாற்றுங்கள். ஞாயிறு பத்து மணிக்கே எப்போதும் போனால் ஞாயிறு பத்து மணிக்கு எல்லாம் பளபளப்பாக இருக்கும்.

இல்லத்தோடு பேசுவது

பயங்கரமாக ஒன்றும் இல்லையென்றால் முதலில் மேட்ரனிடம். கோபம் வரும், வரட்டும், குரல் மட்டும் உயர வேண்டாம். "மிஸ், அம்மாட நாரியில புண் ஒண்டு இருக்கு. எப்ப இருந்து? டொக்டருக்குக் காட்டினீங்களா? புரட்டிற தாளைக் காட்டுங்கோ." இந்த மூன்று கேள்வியும் போதும். பிறகு அதையே ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடி, பாலியல் தொந்தரவு, பணம் திருடுதல் போன்றவற்றில் இந்தப் படியைத் தாண்டி நேரே பொலிசுக்குப் போக வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் தாள்கள் மாறிவிடும்.

எங்கே முறைப்பாடு செய்வது

60 வயது தாண்டியவர்களைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் அந்தச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். எனவே முதல் கேள்வி: இந்த இல்லம் பதிவா? பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். உங்கள் வீடு எங்கே என்பது இங்கே முக்கியமில்லை, இல்லம் எந்தப் பிரிவில் என்பதுதான் கணக்கு. வெள்ளவத்தை என்றால் திம்பிரிகஸ்யாய, தெஹிவளை என்றால் தெஹிவளைப் பிரதேச செயலகம். முறைப்பாட்டின் பிரதியை பத்தரமுல்லை செத்சிறிபாயவில் உள்ள தேசிய முதியோர் செயலகத்துக்கும் அனுப்புங்கள்.

வைத்தியமும் செய்யும் தனியார் நர்சிங் ஹோம் என்றால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கும் எழுதலாம். அரசு நடத்தும் இல்லம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. அரசு உரிமையை மீறியது என்று வழக்குப் போடுவதென்றால், அந்த அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அதனால் சுணங்க வேண்டாம்.

அதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் பராமரிப்புச் சபையைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கும் இடம். இல்லத்தைப் பற்றிய முறைப்பாட்டுக்கு அது வழியல்ல.

பொலிசில்

தமிழில் பேச உங்களுக்கு அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. கொழும்பிலும்தான். தமிழ் தெரிந்தவர் இல்லை என்றால் நீங்களே தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை, விளங்கப்படுத்தாமல் நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாடு பதிந்த என்ட்ரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். காயம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் (காயத்தைப் பார்த்து வழக்குக்கு அறிக்கை எழுதும் டொக்டர்) காட்டுவதற்கான படிவத்தைக் கேளுங்கள், அன்றைக்கே கேளுங்கள். தழும்பு மறைந்த பிறகு அவருக்கு எழுத ஒன்றும் இருக்காது. "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று இருபகுதியையும் அழைத்தால், அம்மா அந்த இல்லத்தில் இருக்கும்வரை எதற்கும் சம்மதிக்க வேண்டியதில்லை. வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, தலைமை அலுவலகம் புதுக்கடையில்.

இடம் மாற்றுவது

மாற்ற வேண்டி வந்தால் டொக்டர் பார்த்து எழுதிய பிறகு மாற்றுங்கள். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், மருந்து, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் எண்ணி வாங்குங்கள். "எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள், முற்பணத்தைத் திருப்பித் தர அதுதான் நிபந்தனை என்பார்கள். வைக்க வேண்டாம். காசைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், முறைப்பாடு கொடுத்து இரண்டு வாரமாகியும் சத்தம் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். இல்லம் பதிவு செய்யப்பட்டதா, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், என் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

காசு அனுப்புவது நீங்கள், கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கொழும்பில் இருக்கும் ஒருவரின் பெயரை எழுத்தில் இல்லத்துக்குக் கொடுத்து, அவரே உங்கள் சார்பில் பார்ப்பார் என்று சொல்லிவிடுங்கள். அற்றோணித் தத்துவம் (ஒருவர் சார்பில் இன்னொருவர் செயற்படும் அதிகாரப் பத்திரம்) யாருக்காவது கொடுத்திருந்தால் அது எதற்கெல்லாம் செல்லும் என்று திரும்ப வாசியுங்கள். அம்மாவின் பென்சனையும் காணியையும் கையாளும் அதிகாரம் இல்லத்தில் உள்ள எவரிடமும் இருக்கக் கூடாது. வட்ஸ்அப் வீடியோ கோலைச் சொல்லாமல் எடுங்கள். முகத்தை மட்டும் காட்டினால் போதாது, "அம்மாட காலைக் காட்டுங்கோ, பக்கத்தில தண்ணிக் கோப்பையைக் காட்டுங்கோ" என்று கேளுங்கள்.